பனிக்காலக் கோழிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும், புழக்கடையில் கோழி வளர்ப்பவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிகின்றன. ஏறத்தாழ எல்லாக் கடிதங்களும் குளிரையே குற்றம் சாட்டுகின்றன. வளர்ந்த கோழியைப் பொறுத்தவரை குளிர் அவ்வளவு பெரிய எதிரி அன்று. ஈரமும், அந்த ஈரத்தை வெளியேற விடாமல் நாம் கட்டிவைக்கும் தார்ப்பாயும்தான் பெரிய எதிரிகள். இம்முறை தேர்ந்தெடுத்த கேள்விகளில் பலவற்றுக்கு இதுவே அடிப்படை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: இருபது நாட்டுக்கோழிகள் வைத்திருக்கிறோம். மழை தொடங்கியபோது கொட்டகையின் நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி, காற்றுப் புகாதபடி அடைத்தோம். மழை நின்ற பிறகும், பனிக்குப் பயந்து அதை அவிழ்க்கவில்லை. இப்போது சில கோழிகள் தும்முகின்றன, கண் ஓரத்தில் நுரை தெரிகிறது. விடியற்காலையில் கதவைத் திறந்தால் நெடி தாங்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் வெப்பம் கிடைக்க என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் கோழிகளுக்கு இப்போது வெப்பம் தேவையில்லை, காற்று தேவை. கோழியின் எச்சத்தில் முக்கால் பங்கு நீர்தான். அதோடு, இரவு முழுவதும் அது விடும் மூச்சிலும் ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. நான்கு புறமும் அடைத்த கொட்டகையில் அந்த ஈரம் கூரையில் முத்து முத்தாகத் திரண்டு மீண்டும் தரையில் சொட்டுகிறது. நனைந்த எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்புகிறது. நீங்கள் எழுதியிருக்கும் நெடி அதுதான். காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் அம்மோனியா சேர்ந்தால், கோழியின் மூச்சுக்குழாயின் உட்புறத்தில் தூசியையும் கிருமியையும் தள்ளி வெளியேற்றும் நுண்ணிய மயிரிழைகள் செயலிழக்கத் தொடங்குகின்றன. காவலாளி இல்லாத வாசல் வழியாகச் சளி நோய்க் கிருமிகள் தாராளமாக உள்ளே நுழைகின்றன. நின்றபடி மூக்கை மட்டும் நீட்டிப் பார்ப்பது போதாது. கோழி படுத்திருக்கும் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பாருங்கள். உங்கள் கண் எரிந்தால் கோழியின் கண்ணும் எரிகிறது என்றே பொருள்.

முதலில் தார்ப்பாயின் மேல்பகுதியை அவிழ்த்துவிடுங்கள். இந்தப் பருவத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வருவதால், அந்தத் திசையில் மட்டும் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை மறைப்பு இருந்தால் போதும். கோழி படுத்திருக்கும் மட்டத்தில் காற்று நேராக அடிக்கக் கூடாது. அதன் தலைக்கு மேலே, கூரையை ஒட்டிய இடைவெளி இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும். மழைச் சாரல் அடிக்கும் இரவில் கீழே இறக்கிவிடவும், விடிந்ததும் சுருட்டிவிடவும் வசதியாகத் தார்ப்பாயை ஒரு மூங்கிலில் கட்டிவைத்துக்கொண்டால் வேலை எளிதாகும்.

அடுத்தது தரை. கட்டி தட்டிப்போன ஈரக் கூளத்தை அள்ளி எருக்குழியில் போட்டுவிட்டு, நிலக்கடலைத் தோல், நெல் உமி, தென்னைநார்க் கழிவு, மரத்தூள் ஆகியவற்றில் உங்கள் ஊரில் காய்ந்ததாகக் கிடைப்பதை நான்கு முதல் ஆறு அங்குலம் வரை பரப்புங்கள். வாரம் ஒருமுறையாவது கிளறிவிட வேண்டும். ஒரு பிடி கூளத்தை எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள்: உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம்; உதிர்ந்துவிட்டால் சரியாக இருக்கிறது; பிடிக்கவே வராமல் தூசியாகப் பறந்தால் உலர்ச்சி அதிகம். பலரும் செய்வதுபோல் சுண்ணாம்புத் தூள் தூவலாம், ஆனால் நீற்றிய சுண்ணாம்பாக இருக்க வேண்டும்; நீற்றாத சுண்ணாம்பு கோழியின் காலைப் புண்ணாக்கிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு பட்டதும் அதில் அடங்கியிருந்த அம்மோனியா ஒரே மூச்சில் வெளியேறும். ஆகவே கோழிகளை மேய விட்ட பிறகு, பக்கங்களை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு, காலையில் இந்த வேலையைச் செய்யுங்கள். மாலையில் கோழி அடையும் நேரத்தில் செய்யாதீர்கள்.

கண்ணில் நுரையும் தும்மலும் நாட்பட்ட சுவாச நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். முகம் வீங்கி, மூக்கிலிருந்து துர்நாற்றத்துடன் சளி ஒழுகினால் அது கொரைசா எனப்படும் தொற்றுச் சளியாக இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் மருந்து வேறு, அளவு வேறு. மருந்துக்கடையில் கேட்டு ஏதேனும் ஒரு நுண்ணுயிர்க்கொல்லியைத் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு, அதே கோழியின் முட்டையைப் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மருந்தின் எச்சம் முட்டையில் எத்தனை நாள் இருக்கும் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அத்தனை நாள் முட்டையை ஒதுக்கிவிடுவதுதான் முறை.

கேள்வி: எங்கள் பகுதியில் டிசம்பர் இறுதியிலிருந்து உறைபனி விழுகிறது. புல்வெளி காலையில் வெள்ளையாக இருக்கிறது. எட்டுக் கோழிகள் உள்ள மரக்கூண்டில் இரவு முழுவதும் வெப்ப விளக்கு எரிய விடலாமா?
– ஒரு வாசகர், உதகமண்டலம்

பதில்: வேண்டாம். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நம்முடையதைவிட நான்கு டிகிரி கூடுதல். சிறகை உப்பிக்கொண்டு, இறகுகளுக்கு இடையே காற்றைத் தேக்கி, தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு அது உறங்கும்போது, உதகையின் குளிரை அதனால் தாங்க முடியும். அந்த இறகு நனைந்தாலோ, காற்று நேராக ஊடுருவி இறகைக் கலைத்தாலோதான் தாங்க முடியாமல் போகிறது. விளக்கின் சூட்டுக்குப் பழகிய கோழி, மின்சாரம் நின்ற இரவில் மற்றக் கோழிகளைவிட அதிகமாக வாடும். காய்ந்த கூளம், மரக்கூண்டு, சூடேறிய விளக்கு மூன்றும் ஓரிடத்தில் இருப்பது தீ விபத்துக்கு நாமே வழி செய்து கொடுப்பதாகும்.

கோழிகள் அடையும் பரண் கட்டையை ஒருமுறை பாருங்கள். இரும்புக் குழாயாக இருந்தால் மாற்றிவிடுங்கள். இரும்பு பாதத்திலிருந்து வெப்பத்தை உறிஞ்சிவிடும். இரண்டு அங்குல அகலமுள்ள மரச்சட்டத்தை அதன் தட்டையான பக்கம் மேலே இருக்கும்படி வைத்தால், கோழி பாதத்தை முழுவதும் ஊன்றி உட்கார்ந்து, வயிற்று இறகால் விரல்களை மூடிக்கொள்ளும். கட்டை எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் இடத்துக்குச் சண்டையில்லாமல் நெருங்கி உட்காரும்.

பெரிய ஒற்றைக் கொண்டை உள்ள சேவல்களுக்கு, வெப்பம் பூச்சியத்துக்குக் கீழே இறங்கும் இரவுகளில் கொண்டை நுனி உறைந்து, முதலில் வெளிறி, பிறகு கருத்துப்போகலாம். இதற்கும் கூண்டுக்குள் தேங்கும் ஈரம்தான் பெரிதும் துணைபோகிறது. ஆகவே உறைபனிக் காலத்திலும் மேல் துவாரங்களை மூடாதீர்கள். கருத்த நுனியைத் தேய்க்கவோ சூடு காட்டவோ வேண்டாம். அப்படியே விட்டால், உயிருள்ள பகுதிக்கும் இறந்த பகுதிக்கும் எல்லை தெரிந்து, காய்ந்து, தானே உதிரும்.

மாலையில் அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு கைப்பிடி உடைத்த மக்காச்சோளமோ கம்போ கூடுதலாகப் போடுங்கள். இரைப்பை நிறையப் போகும் கோழி இரவெல்லாம் அதைச் செரித்துக்கொண்டே தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. தண்ணீர்த் தொட்டியை இரவில் கவிழ்த்து வைத்துவிட்டு, காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். தீனியைப்போல் இரண்டு மடங்கு எடைக்குத் தண்ணீர் குடிக்கும் பறவை அது. பனிக்கட்டிபோல் குளிர்ந்த தண்ணீரைக் கண்டு குடிப்பதைக் குறைத்தால், தீனி எடுப்பதும் குறைந்து, முட்டையும் குறைந்துவிடும்.

கேள்வி: குளிர்காலத்தில் கோழிக்கு ஒரு தேக்கரண்டி பிராந்தி கொடுத்தால் சூடு பிடிக்கும் என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், கம்பம்

பதில்: கூடாது. சாராயம் தோலுக்கு அடியில் உள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்து, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே கொட்டிவிடும். பெரியவரின் அக்கறைக்கு நன்றி சொல்லி, பாட்டிலை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: கார்த்திகை வரை ஒழுங்காக முட்டையிட்ட எங்கள் பன்னிரண்டு பெட்டைகளில் இப்போது இரண்டோ மூன்றோ மட்டுமே இடுகின்றன. சில கோழிகளின் கழுத்தில் இறகு கொட்டி அலங்கோலமாக இருக்கிறது. யாரோ கண் வைத்துவிட்டதாக மாமியார் சொல்கிறார். பண்ணைகளில் செய்வதுபோல் விளக்குப் போட்டால் முட்டை வருமா?
– ஒரு வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: உங்கள் மாமியாருக்குச் சொல்லுங்கள்: கண் வைத்தது சூரியன்தான். கோழியின் முட்டைச் சுரப்பு ஒளியைக் கணக்கிட்டே நடக்கிறது. கண்ணின் வழியாக மட்டுமன்றி, மண்டையோட்டை ஊடுருவி மூளையின் அடிப்பகுதியை அடையும் ஒளியையும் அதன் உடல் உணர்கிறது. முட்டைக் கோழிப் பண்ணைகளில் நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் தருவதன் காரணம் இதுதான். சென்னையில் ஜூன் மாதத்தில் பகல் ஏறத்தாழ 12 மணி 50 நிமிடம். டிசம்பர் இறுதியில் 11 மணி 20 நிமிடம். உங்கள் மாவட்டம் தெற்கே இருப்பதால் வேறுபாடு இன்னும் சிறிது குறைவு. வடநாட்டையும் மேலைநாடுகளையும் ஒப்பிட்டால் இது அற்ப வேறுபாடுதான் என்றாலும், மழைமேகம் மூடிக்கிடந்த மாதங்களையும் சேர்த்துப் பார்த்தால் கோழிக்கு அது போதுமான அறிவிப்பு.

இறகு கொட்டுவது நோயன்று. ஓராண்டைக் கடந்த கோழிகள் ஆண்டுக்கொரு முறை இறகு மாற்றிக்கொள்ளும். கழுத்தில் தொடங்கி, முதுகு, மார்பு என்று இறங்கி, வாலில் முடியும். இறகு பெரும்பாலும் புரதத்தாலானது. உடம்பில் உள்ள புரதமெல்லாம் புது இறகு நெய்யப் போய்விடுவதால் முட்டைக்கு மிச்சமிருப்பதில்லை. இரண்டு, மூன்று மாதங்கள் இப்படியே போகும். இந்தக் காலத்தில் வெறும் குருணையும் அரிசியும் போட்டால் இறகு முளைப்பதும் தாமதமாகும். கருவாட்டுத் தூள், கடலைப் புண்ணாக்கு, நீரில் மிதந்து வளரும் அசோலாச் செடி, பழைய பானையில் சாணமும் ஓலையும் வைத்துப் பிடித்த கரையான் ஆகியவற்றில் முடிந்ததைக் கொடுங்கள். முட்டை வைக்கத் தொடங்கியதும் உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். முளைத்து வரும் குருத்திறகில் இரத்தம் ஓடுவதால், அந்தக் கோழிகளைத் தேவையில்லாமல் கையில் பிடிக்க வேண்டாம், அவற்றுக்கு வலிக்கும்.

விளக்கைப் பற்றி என் கருத்து இது. முட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட வெள்ளைக் கோழிக்கு அது பலன் தரும். நாட்டுக்கோழியின் போக்கு வேறு: பன்னிரண்டு, பதினைந்து முட்டை ஓர் ஈடாக இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். அடை உட்காரும் குணத்தை விளக்கு மாற்றாது. அப்படியும் போட்டுப் பார்க்க விரும்பினால், மாலையில் நீட்டிக்காமல் விடியலுக்கு முன் எரிய விடுங்கள். மாலையில் திடீரென்று விளக்கு அணைந்தால் பரணேறாத கோழிகள் இருட்டில் தரையிலேயே ஒடுங்கிவிடும். வாரத்துக்கு அரைமணி நேரம் என்று படிப்படியாகக் கூட்ட வேண்டும். இறகு உதிர்க்கும் கோழிகளுக்கு மட்டும் வேண்டாம்; அவற்றுக்கு இது ஓய்வுக் காலம்.

எதற்கும் வைக்கோற்போரின் மறுபக்கத்தையும் விறகுக் குவியலின் இடுக்கையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கூண்டில் ஈரம் மிகுந்த காலத்தில் காய்ந்த இடம் தேடிக் கள்ளத்தனமாக முட்டையிடும் பெட்டைகள் உண்டு. அங்கே கோழிக்கு முன்பே சாரையோ கீரியோ போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும்.

கேள்வி: குஞ்சு பொரிப்பகத்தில் ஐம்பது நாட்டுக்கோழிக் குஞ்சுகளை மார்கழி முதல் வாரத்தில் வாங்கினேன். அட்டைப்பெட்டியில் வைத்து விளக்குப் போட்டிருந்தும், காலையில் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நசுங்கிக் கிடக்கின்றன. விளக்கு இருந்தும் ஏன் இப்படி?
– ஒரு வாசகர், தருமபுரி மாவட்டம்

பதில்: எந்த விளக்கு என்று நீங்கள் எழுதவில்லை. எல்இடி விளக்காக இருந்தால் விடை அதிலேயே இருக்கிறது: அது வெளிச்சம் தரும்; குஞ்சுக்குப் போதுமான சூடு தராது. பழைய இழை பல்புகள் மின்சாரத்தின் பெரும்பகுதியை வெப்பமாகச் சிந்தியதால்தான் நம் குஞ்சுகள் பிழைத்தன. இழை பல்பு அல்லது அடைகாப்பானுக்கென்றே விற்கும் வெப்ப விளக்கு வாங்குங்கள். குளிர்காலத்தில் குஞ்சு ஒன்றுக்கு இரண்டு வாட் என்று கணக்கிட்டால் ஐம்பது குஞ்சுக்கு நூறு வாட் வேண்டும். ஒரே நூறு வாட்டாக வைக்காமல், நாற்பதும் அறுபதுமாக இரண்டு பல்புகளாக வைப்பது நல்லது. ஒன்று இரவில் அணைந்துபோனாலும் மற்றொன்று காப்பாற்றும்.

நான் முன்னுரையில் சொன்னது வளர்ந்த கோழிக்கு மட்டுமே பொருந்தும். குஞ்சின் உடம்பில் இருப்பது இறகன்று, வெறும் பூம்பஞ்சு. நான்கைந்து வாரத்தில் உண்மையான இறகு மூடும் வரை அது தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. முதல் வாரம் விளக்கின் கீழே 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். வெப்பமானி இல்லாவிட்டாலும் குஞ்சுகளே சொல்லும். விளக்கின் அடியில் குவிந்து கீச்சிட்டால் சூடு போதவில்லை; விளக்கைவிட்டு விலகி அலகைத் திறந்து மூச்சிரைத்தால் சூடு மிகுதி; ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது; வட்டம் முழுவதும் பரவித் தின்றும் படுத்தும் இருந்தால் எல்லாம் சரி. விளக்கை ஏற்றி இறக்க வசதியாகக் கயிற்றில் தொங்க விடுங்கள்.

அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியுங்கள். மூலை உள்ள எந்த இடத்திலும் குளிர்ந்த குஞ்சுகள் முண்டியடித்து ஏறும். அடியில் உள்ளவை குளிரால் அல்ல, மூச்சுத் திணறியே சாகின்றன. ஒன்றரை அடி உயரத் தகரத்தையோ கெட்டி அட்டையையோ வட்டமாக வளைத்துக் கட்டி, உள்ளே இரண்டு அங்குலம் உமி பரப்பி, முதல் சில நாட்களுக்கு மேலே செய்தித்தாள் விரித்து, நனைந்ததும் மாற்றுங்கள். குஞ்சு வருவதற்குச் சில மணி நேரம் முன்பே விளக்கை எரியவிட்டுத் தரையையும் குடிநீரையும் சூடேற்றி வைத்திருக்க வேண்டும். மின்வெட்டு ஏற்பட்டால் சட்டியில் கரி மூட்டி வைப்பவர்கள், சாம்பல் பூத்துப் புகை முற்றிலும் அடங்கிய கனலாக மட்டும் வைத்து, அறையின் மேல்பகுதியைத் திறந்துவிடுங்கள்; கண்ணுக்குத் தெரியாத கரிநச்சு (கார்பன் மோனாக்சைடு வாயு) குளிரைவிட விரைவாகக் கொல்லும்.

அடுத்த ஆண்டு குறைவான குஞ்சுகள் போதுமென்றால், சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழி வகையில் பெட்டை ஒன்றை அடை வையுங்கள். அதைவிடச் சிறந்த அடைகாப்பானை எந்தத் தொழிற்சாலையும் செய்ததில்லை. குளிர்காலத்தில் பத்து முட்டைக்கு மேல் வைக்காதீர்கள். ஓரத்து முட்டைகள் சூடு போதாமல் கூமுட்டை ஆகிவிடும். இருபத்தொரு நாளில் பொரித்த பிறகு, தாயையும் குஞ்சுகளையும் வெயில் ஏறும் வரை பஞ்சாரத்திலேயே கவிழ்த்து வையுங்கள். விடிந்தவுடன் திறந்துவிட்டால் தாய்க்கோழி புல்லில் இரை தேடிப் போகும். அதற்குக் கணுக்கால் நனைகிற பனியில் குஞ்சு முழுவதும் நனைந்துவிடும்.

மூன்று வார வயதைக் கடந்த குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது இரத்தக் கழிச்சல். அதன் கிருமி முட்டைகள் ஈரக் கூளத்தில் ஓரிரு நாளிலேயே முதிர்ந்து நோய் பரப்பும் நிலையை அடைகின்றன. மருந்து உண்டு, ஆனால் தாமதிக்கக் கூடாது.

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் தைப்பொங்கல் கழிந்ததும் ஊரில் கோழிகள் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு கூட்டம் கூட்டமாகச் சாகின்றன. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் நிற்கவில்லை. இதற்கு என்னதான் வழி?
– ஒரு வாசகர், திருநெல்வேலி மாவட்டம்

பதில்: நீங்கள் வருணித்திருப்பது வெள்ளைக்கழிச்சல் என்று ஊரில் சொல்லும் ராணிக்கெட் நோய். 1920-களின் இறுதியில் இமயமலைப் பகுதியிலுள்ள ராணிக்கெட் நகரத்தின் பெயரால் இந்தியாவில் பதிவான இந்த நோய், 1926-இல் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்டது. இது வைரஸ் நோய். வந்த பிறகு குணப்படுத்தும் மருந்து இல்லை. நீங்கள் அரைத்துக் கொடுத்த மூலிகைகளைக் குறை சொல்ல மாட்டேன். தளர்ந்த கோழியின் பசியையும் செரிமானத்தையும் அவை சற்றுத் தாங்கிப் பிடிக்கலாம். தடுப்பூசியின் இடத்தை அவற்றுக்குக் கொடுத்துவிட்டதுதான் தவறு.

குஞ்சு பொரித்த ஏழாம் நாளையொட்டிக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, நான்காம் வாரத்தையொட்டி லசோட்டா என்னும் தடுப்பு மருந்து, எட்டாம் வாரத்தில் இறக்கையின் அடியில் ஊசி என்பது நாட்டுக்கோழிக்கு நடைமுறையில் உள்ள வரிசை. பிப்ரவரி மாதத்தில் தமிழ்நாடு அரசின் கால்நடை பராமரிப்புத் துறை ஊர் ஊராக இலவச முகாம் நடத்துகிறது. ஊசிக்குப் பிறகு எதிர்ப்பாற்றல் உருவாக ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்பதால், உங்கள் ஊரில் தையிலேயே நோய் தொடங்குகிறது என்றால் முகாமுக்குக் காத்திராமல் மார்கழித் தொடக்கத்திலேயே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்குங்கள். மருந்தைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். சட்டைப் பையில் வந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம். ஏற்கெனவே தூங்கி விழும் கோழிக்குப் போடக் கூடாது.

பொங்கலையொட்டி ஏன் என்பதற்குக் குளிர் மட்டும் காரணமன்று. கரிநாளுக்கு அடிப்பதற்காகச் சந்தையில் வாங்கிவந்த கோழிகள் சில நாள் நம் கோழிகளோடு கலந்து நிற்கின்றன. இன்னோர் ஊரில் நோய் கண்டதும் அவசரமாக விற்றுத் தள்ளிய கோழிகளும் அதே சந்தைக்குத்தான் வருகின்றன. வாங்கியதைத் தனிப் பஞ்சாரத்தில், தனித் தண்ணீர்ச் சட்டியோடு, மூன்று வாரம் வைத்திருங்கள். சமைப்பதற்கென்றால் அன்றைக்கே முடித்து, இறகையும் குடலையும் புதைத்துவிடுங்கள். செத்த கோழியைக் குப்பைமேட்டிலோ வாய்க்காலிலோ எறிந்தால், நாயும் காக்கையும் அதைத் தெரு முழுவதும் கொண்டு சேர்க்கும். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும்.

கேள்வி: மொட்டைமாடியில் நான்கு பெட்டையும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். குளிர்காலத்தில் சேவல் நான்கு மணிக்கே கூவுகிறது. கூண்டைப் போர்வையால் மூடியும் நிறுத்தவில்லை. கீழ்வீட்டார் கோபப்படுகிறார்கள்.
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: வெளிச்சத்தைப் பார்த்துத்தான் சேவல் கூவுகிறது என்பது சரியன்று. விடியலுக்கு முந்தைய கூவலை அதன் உடலுக்குள் இருக்கும் கடிகாரமே நடத்துகிறது என்பதை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் நிறுவினார்கள். மங்கலான இருட்டில் அடைத்து வைத்தபோதும் அவை நேரம் தவறாமல் கூவின. போர்வை கீழ்வீட்டாருக்கும் உதவாது, கூண்டின் காற்றோட்டத்தையும் கெடுக்கும். முட்டையிடுவதற்குச் சேவல் தேவையில்லை. குஞ்சு வேண்டும்போது மட்டும்தான் தேவை. அதைக் கிராமத்து உறவினருக்குக் கொடுத்துவிட்டால் மாடியிலும் கீழ்வீட்டிலும் அமைதி நிலவும்.

கேள்வி: நாங்கள் இங்கே தோட்டத்தில் மூன்று கோழிகள் வளர்க்கிறோம். மிஞ்சிய சோறு, காய்கறித் தோல் போட்டுப் பழகியவர்கள் நாங்கள். அது சட்டப்படி குற்றம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். குளிர்காலத்தில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: நண்பர் சொல்வது உண்மை. சமையலறை வழியாக வந்த எதையும் கோழிக்குப் போடுவது பிரிட்டனில் தடை செய்யப்பட்டிருக்கிறது. இறைச்சியோடும் பாலோடும் பட்ட உணவின் வழியாகக் கால்நடை நோய்கள் பரவக் கூடாது என்பதே காரணம். விலங்குப் பொருள் எதுவுமே புழங்காத வீட்டுக்கு மட்டும் விலக்கு உண்டு. தோட்டத்திலிருந்து நேரே பறித்த கீரையைப் போடலாம். அதே கீரை சமையற்கட்டுக்குப் போய்வந்தால் போடக் கூடாது. நம் ஊர்ப் பழக்கத்துக்கு இது விசித்திரமாகத் தோன்றினாலும், விதி விதிதான். 2024 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஒரே ஒரு கோழி வைத்திருப்பவரும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் இருந்தால் உடனே செய்துவிடுங்கள். பறவைக் காய்ச்சல் பரவும்போது கோழிகளைக் கூரைக்குள் அடைத்து வைக்கும்படி ஆணை வரும். 2022 நவம்பர் 7 முதல் மறு ஆண்டு ஏப்ரல் 18 வரை இங்கிலாந்தில் அப்படித்தான் இருந்தது. ஆணை வந்த பிறகு அலையாமல், இப்போதே மேலே கூரையும் பக்கத்தில் சிறு கண் வலையும் உள்ள ஓர் அடைப்பைக் கட்டிவைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் உலர்ந்த மண்ணும் சாம்பலும் கலந்த ஒரு தொட்டி இருந்தால், கோழிகள் மண்குளியல் செய்து பேனிலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளும்.

டிசம்பரில் லண்டனின் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. முட்டை நின்றுபோனால் கவலைப்படாதீர்கள். காலையும் பிற்பகலும் தண்ணீரின் மேல் படியும் பனிக்கட்டியை உடைத்துவிடுங்கள். உறையாமலிருக்க உப்புப் போடும் யோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உப்பு கோழிக்கு நஞ்சு.

கேள்வி: மழைக்கு முன் வாங்கிய மக்காச்சோளமும் கடலைப் புண்ணாக்கும் மூட்டையில் இருக்கின்றன. இலேசாகப் பூசணம் பிடித்த வாடை வருகிறது. வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: காயவைத்தால் பூசணம் வளர்வது நிற்கும், அது ஏற்கெனவே கக்கிவிட்ட நஞ்சு போகாது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அஃப்ளாடாக்சின் என்னும் அந்த நஞ்சு முழுவதும் நீங்குவதில்லை. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தபோது, துப்புத் துலக்கியவர்கள் வந்து நின்ற இடம் பிரேசிலிலிருந்து இறக்குமதியான நிலக்கடலைப் புண்ணாக்கு. இந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்ததே அப்படித்தான். குறைந்த அளவில் தின்ற கோழி உடனே சாவதில்லை. ஈரல் கெட்டு, முட்டை குறைந்து, தடுப்பூசி போட்டும் எதிர்ப்பாற்றல் வராமல், வேறேதோ நோயில் சாகும். பழியும் அந்த நோயின்மேல் போய்விடும்.

வாடை வரும் மூட்டையை எருக்குழியில் போட்டுவிடுங்கள். மாட்டுக்கும் வைக்காதீர்கள், அந்த நஞ்சு பாலில் வரும். இனி வாங்குவதைப் பதினைந்து நாள் தேவைக்கு மட்டும் வாங்கி, சுவரிலிருந்து ஓரடி தள்ளி, மரப்பலகையின்மேல் அடுக்குங்கள். சோளத்தைக் கடித்துப் பார்த்தால் 'கடுக்'கென்று உடைய வேண்டும். பல்லில் நசுங்கினால் மறுபடியும் காயவைத்த பிறகே மூட்டை கட்ட வேண்டும்.